ஸ்கார்வோய் ஊராட்சி: நிலவியலும் வரலாறும் ஒரு சுவரும்

1.

ஸ்கார்வோய் ஊராட்சியின் நிலவியலையும் வரலாற்றையும் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் இதுவே முழுமையானது. இனி எழுதப்படப்போகிறவற்றிலும் இதுவே முழுமையானதாக இருக்கும். அடக்கத்துடன்தான் சொல்கிறேன். போட்டிக்கு மூன்று நூல்கள் உண்டு. மூன்றையும் நூலகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டேன். முதலாவது ஒரு பாதிரியார் எழுதியது, முழுக்க மழையைப் பற்றிய புகார். இரண்டாவது, எந்தப் பண்ணையில் யார் பிறந்தார், யாரை மணந்தார், எப்போது கடலில் மூழ்கினார் என்னும் பட்டியல், நான்கு தொகுதிகள். மூன்றாவது இங்கு வந்து தங்கும் பறவைகளைப் பற்றியது. மனிதர்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது, 'இடையூறுகள்' என்ற தலைப்பின் கீழ்.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் வட நார்வேயின் ட்ரொம்ஸோ நகரத்தில் கல்லூரி விடுமுறை விட்டதும் ஊருக்கு வந்தேன். ஊராட்சி அலுவலகத்தில் ஆறு வாரக் கோடை வேலை கிடைத்தது. கொடுத்தவர் ரன்வெய். பண்பாட்டுத் துறையின் தலைவர் அவர்தான், அந்தத் துறையில் இருக்கும் ஒரே ஆளும் அவர்தான். நூலகம், பள்ளிப் பேருந்தின் நேர அட்டவணை, நீச்சல்குளத்தின் சாவி, கைவிடப்பட்ட கட்டடங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆயிரத்து நூறு பேர் உள்ள ஊராட்சியில் ஒருவர் ஐந்து வேலை பார்க்காவிட்டால் நான்கு வேலைகள் நடக்காது.

"இணையதளத்துல 'நிலவியலும் வரலாறும்'னு ஒரு பக்கம் இருக்கு ஐலிவ்," என்றார் ரன்வெய். "ரெண்டாயிரத்து ஏழுலேருந்து அதுல 'விரைவில்'னு போட்டிருக்கு. நீதான் எழுத்தாளனாச்சே, ஒரு பக்கம் எழுதிக் குடு."

"ஒரு பக்கத்துல அடங்குமா?"

"ரெண்டு பக்கம் எழுதினா யாரு படிப்பா?"

எழுத்தாளன் என்று அவர் சொன்னது கல்லூரி இதழில் நான் எழுதும் கேலிப் பத்தியை வைத்து. அதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்கும், ஆனால் கதை அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு குறை. எதையும் சொல்ல மாட்டார்கள். படகு நிறைய காட் மீனோடு துறைக்கு வருகிறவரிடம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். "வெளிய" என்பார். வெளியே என்றால் கடல். கடல் இங்கிருந்து கிரீன்லாந்து வரை இருக்கிறது. நான் அப்படியல்ல. இந்தக் கதையில் எதையும் மறைக்கப் போவதில்லை. எந்த வீடு, எந்தப் பாறை, எத்தனை மீட்டர் என்று எல்லாம் வரும்.

2.

முதல் தொடக்கம்: 'வட அட்சரேகை எழுபது டிகிரிக்குச் சற்றுக் கீழே, கடல் நிலத்தைக் கடிக்கிறதா, நிலம் கடலைக் கடிக்கிறதா என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில்—'

[அடித்துவிட்டேன். சுற்றுலாத் துறையின் வாடை அடிக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: '1838இல் நாட்டில் ஊராட்சிகள் என்று ஒன்று தோன்றியபோது, ஸ்கார்வோய் மக்களுக்குச் செய்தி வந்து சேரவே மூன்றாண்டுகள் ஆயின. தெரிந்த அன்றே, தங்களை இரண்டு ஊராட்சிகளாகப் பிரிக்கவேண்டும் என்று—'

[சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாண்டுகள் என்பது நானாகப் போட்டது. மறைக்கமாட்டேன் என்று இப்போதுதான் சொன்னேன்.]

மூன்றாம் தொடக்கம்: 'ஊருக்குப் பின்னால் உள்ள மலைக்கு வடதுருவப் பழங்குடியான சாமி இனத்தார் ஒரு பெயரும் பின்லாந்திலிருந்து வந்த குவேன் இனத்தார் ஒரு பெயரும் நார்வேக்காரர்கள் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். வரைபடம் போட வந்த அதிகாரி நான்காவதாக ஒன்று வைத்தார். மலை எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்த்ததில்லை.'

[இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மலையும் உதவவில்லை.]

நான்காம் தொடக்கம்: '1944ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஜெர்மானியப் படை பின்வாங்கியபோது ஸ்கார்வோயின் எல்லா வீடுகளையும் எரித்துவிட்டுப் போனது.'

[இதை அடிக்கவில்லை. இந்த வாக்கியத்தில் கேலி செய்ய ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வாரம் தேடினேன்.]

போருக்குப் பிறகு அரசாங்கம் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தது. அதனால் எங்கள் ஊரில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. மாடிப்படி அதே இடத்தில், சமையலறை ஜன்னல் அதே உயரத்தில். குடித்துவிட்டு அடுத்தவர் வீட்டில் போய்ப் படுத்தவருக்குக் காலையில்தான் விஷயம் தெரியும், அதுவும் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைப் பார்த்து. ரன்வெய்யின் கோப்பில் இப்படி நூற்றுப்பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. இந்தக் கதை அவற்றில் ஒன்றைப் பற்றியது. துல்லியமாகச் சொன்னால், ஒன்றின் நான்கில் ஒரு பங்கைப் பற்றியது.

3.

உட்விகா என்பது திறந்த கடலைப் பார்த்த ஒரு குடா. அங்கே ஏழு வீடுகள் இருந்தன. அறுபதுகளில், வெளிக்கரையில் இருப்பவர்கள் சாலை வசதியுள்ள இடத்துக்குக் குடிபெயரலாம் என்று அரசாங்கம் உதவி கொடுத்தபோது ஆறு குடும்பங்கள் வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்துப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. ஏழாவது வீட்டுக்காரர் நெடுநாள் கழித்து வாரிசில்லாமல் இறந்தார். வீடு ஊராட்சிக்கு வந்தது. ஊராட்சி அதை ஒரு கோப்பில் போட்டு மூடியது.

என் அம்மாவின் தங்கை ஒட்னி மூன்று கோடைக்கு ஒருமுறை உட்விகாவுக்குப் போவாள். வயது ஐம்பத்தெட்டு. ஒன்பது மீட்டர் படகில் தனியாக மீன் பிடிக்கிறாள். அவள் போய் அந்த வீட்டின் மேற்குச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடிப்பாள். மற்ற மூன்று சுவர்களும் சாம்பல் நிறத்தில் உளுத்துக் கிடக்கும். கிழக்குச் சுவரில் செம்மறியாடுகள் முதுகு தேய்க்கும். ஊரில் யாரும் அவளை ஏன் என்று கேட்டதில்லை. நான் கேட்டேன்.

"சித்தி, எதுக்கு இந்தச் சுவருக்கு மட்டும் அடிக்கிற?"

"பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு."

[இதைச் சொன்னபோது அவள் புது டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தாள்.]

கல்லூரி இதழில் இதைப் பற்றி எழுதினேன். தலைப்பு: 'ஒற்றைச் சுவர் நாகரிகம்'. எனக்கே பிடித்த பகுதியைத் தருகிறேன்: 'எங்கள் ஊரில் ஆளில்லாத வீட்டில் கடலைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளையடிப்போம். மற்றவை அழுகட்டும். மீன்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கின்றன என்பதுதான் எங்களுக்கு முக்கியம். வருடத்தில் ஏழு மாதம் பனியே இலவசமாக வெள்ளையடித்துவிடுகிறது. மீதி ஐந்து மாதத்துக்கு என் சித்தி இருக்கிறாள்.'

கட்டுரை நன்றாக ஓடியது. ட்ரொம்ஸோவில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்து "சித்தி எப்படி இருக்காங்க?" என்றார்கள். ஊருக்கு வந்ததும் அவளைப் பார்க்கப் போனேன். கொஞ்சம் பயந்துகொண்டுதான்.

"படிச்சேன்டா," என்றாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. ரெண்டு இடத்துல சிரிச்சேன்."

"கோவம் இல்லையே?"

"வீட்டுக்குப் பின்னாடி இருக்கறது கறுப்புப் பாறை. செங்குத்து. அதுல பனி நிக்காது. வெள்ளைச் சுவர் குளிர்காலத்துலயும் தனியாத் தெரியும். அதைத் தப்பா எழுதிட்ட. காப்பி குடிக்கிறியா?"

4.

இந்த இடத்தில் ஒட்னி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

இதுவரை எழுதியதை வகுப்புத் தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். "ஏன் அடிக்கிறாங்கன்னு காரணம் இல்லையே," என்று தொலைபேசியில் சொன்னாள். "ஒரு சோகம் வேணும் ஐலிவ். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருத்தன். அவன் வந்தா வழி தெரியணும்ல."

முயன்று பார்த்தேன்: 'ஒவ்வொரு மாலையும் அவள் அந்த வெள்ளைச் சுவரருகே நின்று, அலைகளுக்கு அப்பால் மறைந்துபோன—'

[முடியவில்லை. ஒட்னியின் முன்னாள் கணவர் அலைகளுக்கு அப்பால் மறையவில்லை. ஹார்ஸ்டா நகரத்தில் கார் டயர் விற்கிறார். கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் அழைப்பார். அவள் எடுத்து "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவாள்.]

பாத்திரத்துக்குச் சோகம் தேடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் ரன்வெய் என் மேசைக்கு வந்தார்.

"உன் கட்டுரையை மேயர் மன்றக் கூட்டத்துல வாசிச்சுக் காட்டினாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நீ பெருமைப்படலாம்."

பெருமைப்பட்டேன்.

"சிரிச்சு முடிச்சதும், 'நம்ம பசங்களே கேலி பண்ற மாதிரி வெச்சிருக்கோமே'ன்னாரு. தீயணைப்புப் படைக்குப் பயிற்சிக்கு ஒரு பழைய வீடு வேணும்னு படைத் தலைவன் தொர்லைஃப் ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கான். உட்விகா வீட்டை எரிக்கக் குடுத்துடலாம்னு பேசியிருக்காங்க. அடுத்த கூட்டத்துல முடிவு. வரலாற்று மதிப்பு இருந்தா நிறுத்தலாம். நீதான வரலாறு எழுதற, இருக்கா?"

கோப்பைப் புரட்டினேன். 1949. அரசு வரைபடம். அதே மாடிப்படி. அதே ஜன்னல். நூற்றுப்பன்னிரண்டில் ஒன்று.

"இல்ல," என்றேன்.

[இதை மறைத்திருக்கலாம். இந்தக் கதையில் நான் பேசிய மிகச் சிறிய வசனம் இதுதான்.]

5.

ஒட்னியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வா. கம்பளிச் சட்டை போட்டுட்டு வா. நோட்டுப் புஸ்தகம் வேணாம்."

நோட்டுப் புத்தகத்தைக் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

படகின் அறையில் ஜிபிஎஸ் திரை இருந்தது. கடல் வரைபடத்தின் மேல் முப்பது சிவப்புப் புள்ளிகள்.

"சித்தி, இத்தனை இடத்துல மீன் பிடிக்கிறியா?"

"இருபத்தொம்பது பொய். டீசல் போடறப்ப தொர்லைஃப் எட்டி எட்டிப் பாப்பான். அவனுக்காக வெச்சது. போன வருஷம் ரெண்டு நாள் பதினேழாம் நம்பர்ல போய் நின்னான், பாவம்."

"முப்பதாவது?"

"அது போன் சிக்னல் கிடைக்கற இடம்."

ஒரு மணி நேரம் போனோம். எந்தத் திசையில் என்று எழுதவில்லை; ஏன் என்று இந்தப் பகுதி முடிவதற்குள் தெரியும். எஞ்சினைத் தணித்துவிட்டு, திரும்பிப் பார் என்றாள். கரை நெடுகக் கறுப்பும் சாம்பலும்தான். நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை.

"அதுதான் சுவர். அதைக் கரையில இன்னொரு அடையாளத்தோட சேத்துப் பாத்தா ஒரு கோடு. இன்னொரு கோடு வேணும். ரெண்டும் வெட்டற எடத்துல கடலுக்கு அடியில ஒரு மேடு இருக்கு, நம்ம தேவாலயம் அளவுக்கு. பத்து மீட்டர் இந்தப் பக்கம் போனாலும் ஒண்ணும் கிடைக்காது. இப்பப் பாரு, சுவரோட ஓரம் அந்தப் பக்கத்துப்—"

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்திருந்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். நான் மூடினேன். அதன் பிறகு வாக்கியத்தை முடித்தாள்.*

* மீதி பன்னிரண்டு சொற்கள். எனக்குத் தெரியும்.

"போருக்கு முன்னாடி அங்க பழைய வீடு இருந்துச்சு," என்றாள். "அதோட கூரை விளிம்புதான் அடையாளம். எரிச்சுட்டாங்கல்ல? அஞ்சு வருஷம் எங்க தாத்தாவால அந்த மேட்டைக் கண்டுபிடிக்கவே முடியல. குளிர் காலத்துல குடும்பமே உருளைக்கிழங்கையே தின்னுச்சு. அப்புறம் அரசாங்கம் கட்ட வந்தப்ப, வீட்டுக்காரர்கிட்ட இவரு கெஞ்சி, வரைபடத்துல போட்ட எடத்துலேருந்து பதினொரு மீட்டர் தள்ளிக் கட்ட வெச்சாரு. மேஸ்திரிகிட்ட, அங்க மண்ணு நல்லாருக்குன்னு சொன்னாங்களாம்."

"மண்ணு நல்லாருக்கா?"

"சதுப்பு. அதனாலதான் வீடு சாஞ்சிருக்கு."

ஆக, நூற்றுப்பன்னிரண்டு வீடுகளில் ஒன்றே ஒன்று மட்டும் அரசாங்கம் சொன்ன இடத்தில் இல்லை. வரலாற்று மதிப்பு என்றால் வேறென்ன? நான் எழுந்தே நின்றுவிட்டேன். படகு ஆடியது.

"சித்தி, இதைக் கூட்டத்துல சொல்லு! முடிஞ்சது!"

"உக்காரு. சொன்னா பதினஞ்சு உறுப்பினரு கேப்பாங்க. அதுல ஒம்போது பேருக்குப் படகு இருக்கு."

"மேட்டைப் பத்தி சொல்லாத. ஆபத்துக்கு வேணும்னு சொல்லு. திரை கெட்டுப்போனா?"

"கெட்டுச்சே. எட்டு வருஷம் முன்னாடி, பிப்ரவரில, பனிப்புயல்ல கரண்ட்டே போயிருச்சு. மத்தியானம் ஒரு மணி நேரம் புயல் விட்டு வெளிச்சம் வந்துச்சு, அதுல இந்தச் சுவரைப் பாத்துத்தான் வந்து சேந்தேன். அதைச் சொன்னா அடுத்த கேள்வி என்ன? எங்கேருந்து வந்துக்கிட்டு இருந்தேன்னு."

"அப்ப எரிக்க விட்டுடுவியா?"

அவள் தூண்டிலை இறக்கினாள். "மீனைக் குடுத்துட்டுச் சுவரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? போட்டோ எடுக்கறதா?"

இரண்டாவது நிமிடமே தூண்டில் கனத்தது.

6.

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் தயாரித்தேன்.

முடிவு அ: ஒட்னி கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். மன்றம் கண்கலங்குகிறது. சுவர் காப்பாற்றப்படுகிறது. செவ்வாய்க்கிழமை அந்த மேட்டின் மேல் ஒன்பது படகுகள் நிற்கின்றன. அடுத்த கோடையில் ஒட்னி ஹார்ஸ்டாவில் டயர்க்கடையில்— [வேண்டாம்.]

முடிவு ஆ: கதாசிரியன் ஒரு சிறு பொய்யால் வீட்டைக் காப்பாற்றுகிறான். [இதைச் செய்தும் பார்த்தேன். உரையாடலை அப்படியே தருகிறேன்.]

"உட்விகா வீட்டுல ஒரு ராஜா தங்கியிருக்காரு," என்றேன் ரன்வெய்யிடம்.

"எந்த ராஜா?"

"பேரு அழிஞ்சிருக்கு."

"1949க்கு அப்புறம் நமக்கு ராஜாக்களே ரொம்பக் கம்மி ஐலிவ்."

"தங்கல. காப்பி மட்டும் குடிச்சாரு."

"நீ வீட்டுக்குப் போ."

முடிவு இ: எரிகிறது.

கூட்டம் வியாழக்கிழமை. ஒட்னி கடைசி வரிசையில் காலுறை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று மேயர் கேட்டபோது ஊசிகள் நின்றன. ஒரு முழு நிமிடம் என்று எழுத ஆசை, நான்கு விநாடிதான். ஊசிகள் மறுபடி ஓடத் தொடங்கின. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

[ஒன்பது உறுப்பினர்கள் இந்த முறை சிரிக்கவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் கைபேசியை, ஒருவர் தன் ஷூவை. அறைக்குள் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக் கதையில் துப்பு கிடைத்தும் புரியாத எழுத்தாளன் நான்.]

7.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு உட்விகாவில் தீயணைப்புப் பயிற்சி. ரன்வெய் தீர்மானத்தின் நகலோடு வந்திருந்தார். மகளிர் சங்கம் வாஃபிள் அப்பம் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்து விற்றது. எங்கள் தீயணைப்புப் படை ஆறு பேர். தலைவர் தொர்லைஃப். ஆறு பேரும் மற்ற நாட்களில் மீன் பிடிப்பவர்கள். ஒட்னி வரவில்லை. அவள் படகு தொலைவில் தெரிந்தது.

தெற்குச் சுவருக்கு முதலில் தீ வைத்தார்கள். பிறகு கிழக்கு, வடக்கு. கூரை உள்ளே விழுந்தது. கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. எரியும் வீட்டைப் பார்க்கும்போது எங்கள் ஊரில் வாஃபிள் மெல்லுகிறவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தொடக்கத்திலேயே மூலைகளில் ரம்பம் போட்டு மேற்குச் சுவரைத் தனியாக அறுத்திருந்தார்கள். அதன் மேல் மட்டும் ரைடார் என்ற ஆள் ஒரு மணி நேரமாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

ரன்வெய் நகலைப் பிரித்தார். "தொர்லைஃப், மேற்குச் சுவர்?"

"காத்து சரியில்ல," என்றார் தொர்லைஃப்.

காற்றே இல்லை. புகை நேராக மேலே போனது.

"பலகை ஈரமா இருக்கு," என்றான் ரைடார், குழாயைத் தாழ்த்தாமல்.

"அதுல கூடு இருக்கு," என்றான் அஸ்லாக். படையிலேயே இளையவன், என்னோடு பள்ளியில் படித்தவன்.

"என்ன கூடு?"

"பறவைக் கூடு."

"என்ன பறவைடா?" என்றேன் நான்.

"சின்னது. நீ பேசாம வாஃபிள தின்னுடா எழுத்தாளா."

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொருவரும் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். ஆறு பேரும் பார்த்தது ஆறு இடத்தை. ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்த்துவிடாதபடி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒரு சுவர். அதிலிருந்து கடலுக்குள் ஆறு கோடுகள் போகின்றன. மன்றத்தில் இருந்த ஒன்பது பேரையும் சேர்த்தால் எத்தனை என்று தெரியவில்லை. எழுபது வருடமாக ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒட்னி வெள்ளையடிப்பதை ஏன் ஊரில் யாரும் கேட்கவில்லை என்பதும் அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. கேட்டால் அவள் நிறுத்திவிட்டால்?

சுவருக்குப் பின்பக்கம் முட்டுக் கொடுக்க நான்கு கட்டைகள் தேவைப்பட்டன. படகிலிருந்து எடுத்து வந்தார்கள். அளவெடுத்து, முனை சீவி, தயாராகவே இருந்தன.

திங்கட்கிழமை தொர்லைஃப்பின் அறிக்கை வந்தது. அதையும் முழுதாகத் தருகிறேன்: 'பயிற்சி வெற்றி. மேற்குச் சுவர் தீப்பிடிக்கவில்லை.' ரன்வெய் அதை இரண்டு முறை படித்தார். முத்திரை குத்தினார்.

"எங்கப்பாவும் படகு வெச்சிருந்தாரு," என்றார், என்னைப் பார்க்காமல்.

8.

என் ஒரு பக்கத்தை வேலையின் கடைசி நாளில் கொடுத்தேன். ரன்வெய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பாதிரியாரின் மழை இருந்தது, மலையின் நான்கு பெயர்கள் இருந்தன, 1944 ஒரே வாக்கியமாக இருந்தது. கடைசிப் பத்தியில் விரல் வைத்தார்.

"உட்விகால ஒரு பழைய சுவர் இருக்குன்னு எழுதியிருக்க. உட்விகா எங்க இருக்குன்னு எழுதலையே? படிக்கறவங்க தேடினா, வரைபடத்துல அப்படி ஒரு பேரே இல்ல."

"வெளிய," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'விரைவில்' என்ற சொல் பதினேழு வருடத்துக்குப் பிறகு இணையதளத்திலிருந்து மறைந்தது.

வாசகரே, உங்களுக்கும் இதே பதில்தான். அந்தக் குடாவின் பெயர் உட்விகா இல்லை. சுவர் பார்ப்பது மேற்காக இல்லாமலும் இருக்கலாம். பதினொரு மீட்டர் என்றேன், பதினொன்று இல்லை. பாறையின் நிறத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசவேண்டாம். ஸ்கார்வோய் என்ற ஊராட்சியைத் தேடிக் கிளம்புகிறவர்கள் திரும்பும்போது எனக்கும் சொல்லவும். மற்றபடி, முதல் வாக்கியத்தில் சொன்னதில் மாற்றம் இல்லை. இதுவே முழுமையானது.

முடிவை எழுத வேண்டுமானால், கடலிலிருந்து அந்தச் சுவர் எப்படித் தெரிகிறது, அதன் ஓரம் எதோடு சேரும்போது தூண்டிலை இறக்கவேண்டும் என்று எழுதவேண்டும். பன்னிரண்டு சொற்கள்தான். இடம் விட்டிருக்கிறேன்:

. . . . . . . . . . . .

அ, ஆ, இ மூன்றில் எது பிடிக்கிறதோ அதை நீங்களே அங்கே போட்டுக்கொள்ளலாம். எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

9.

[தீயில் அந்தச் சுவர் பாதிக்கு மேல் புகை படிந்து கறுத்துவிட்டது. கறுப்புப் பாறைக்கு முன்னால் கறுப்புச் சுவர். ஒட்னிக்கு ஆகஸ்டிலிருந்து தோள்பட்டை வலி, ஏணியில் கையைத் தூக்க முடியவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கல்லூரி திறக்க நான்கு நாட்கள் இருந்தன.

ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது கயாக் என்னும் துடுப்புப் படகில் ஒரு சுற்றுலாப் பயணி கரைக்கு வந்தார். சுவருக்கு முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். நான்கு கட்டைகளும் கரிந்த புல்லும்தான் அங்கே. திரும்பி வந்தார்.

"ஏங்க, இதுக்குப் பின்னாடி வீடே இல்லையே? எதுக்கு வெள்ளையடிக்கிறீங்க?"

"பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு," என்றேன்.

மூடி இறுக்கமாக இருந்தது. திருப்புளியால் இன்னொரு முறை நெம்பினேன்.]